குத்த ஒரு மணி நேரம், எடுக்க ஒரு வருஷம்

விழுப்புரம் மாவட்டத் திருவிழாக்களில் வளையல் கடை, பொரிகடலைக் கடை வரிசையிலேயே பச்சை குத்துபவரும் உட்கார்ந்திருப்பார். பேட்டரியில் ஓடும் சின்ன மெஷின், மாதிரிப் படங்கள் ஒட்டிய அட்டை, அவ்வளவுதான் கடை. வேலோ, தேளோ, யாருடைய பெயரோ கொஞ்ச நேரத்தில் கையில் ஏறிவிடும். புதுச்சேரி பக்கத்திலேயே இருப்பதால், திண்டிவனத்துப் பையன்கள் அங்கே போய்க் கலர் டாட்டூ போட்டுக்கொண்டு வருவதும் உண்டு. எடுக்க வேண்டும் என்ற நினைப்பு வரும்போதுதான் கணக்கு வேறு மாதிரி ஆகிறது.

யாருக்கு அவசரம்?

கல்யாணம் நிச்சயமானவர்களுக்கு ஓர் அவசரம் என்றால், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முகாமுக்குத் தயாராகும் பையன்களுக்கு இன்னோர் அவசரம். முழங்கையின் உட்பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரையும், புறங்கையிலும் இருக்கும் பச்சையை மட்டுமே இந்திய ராணுவம் ஏற்கிறது. பழங்குடியினருக்குத் தனி விலக்கு உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளில் இன்னும் கறார்: சல்யூட் அடிக்காத இடது முன்னங்கையின் உட்பக்கம் அல்லது புறங்கை, அதிலும் அந்தப் பகுதியின் கால் பங்குக்குக் குறைவான அளவு, சாமி உருவமோ பெயரோ மட்டும். கழுத்திலும் தோளிலும் குத்திக்கொண்டவர் முகாமுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது டாக்டரிடம் ஓடினால் அவரால் செய்ய முடிவது மிகக் குறைவு.

கட்சிப் பச்சைக்கும் நம் ஊரில் பழைய கதை உண்டு. 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினரைக் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். பின்னாளில் கட்சி மாறியவர்கள் முழுக்கைச் சட்டைக்கு மாறியிருக்க வேண்டும். அப்போது சுலபமான வேறு வழியும் இல்லை.

மை ஏன் தங்குகிறது

தோலின் மேலடுக்கு சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிவிடும். ஊசி அதைத் தாண்டி அடுத்த அடுக்கில் மையை இறக்குகிறது. வெளியிலிருந்து வந்த பொருளை விழுங்கும் வேலைக்கென்றே உடம்பில் இருக்கும் செல்கள் மைத்துகள்களை விழுங்குகின்றன. ஆனால் துகள் பெரியது, ஜீரணிக்க முடியாமல் அப்படியே வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் செத்தால் பக்கத்தில் இருக்கும் புதிய செல் அதே மையை வாங்கிக்கொள்ளும். பிரான்ஸ் விஞ்ஞானிகள் 2018-ல் எலிகளில் இதை நிரூபித்துக் காட்டினார்கள்.

பச்சையை எடுக்கப் பயன்படும் லேசர் மையை அழிப்பதில்லை, உடைக்கிறது. நூறு கோடியில் ஒரு பங்கு வினாடிக் கணக்கில் பாயும் ஒளித்துடிப்பு துகளை நொறுக்குகிறது. நொறுங்கிய தூளை நிணநீர் வழியாக அப்புறப்படுத்துவது உடம்பின் வேலை. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறு முதல் எட்டு வாரம் விடச் சொல்வது இதனால்தான். பணம் கூடக் கொடுத்தால் வாரா வாரம் செய்யலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செய்தால் தோல்தான் புண்ணாகும்.

எத்தனை சிட்டிங்?

இத்தாலியில் செய்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், பத்து சிட்டிங் முடிந்தபோது நல்ல பலன் கண்டவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. பதினைந்தில்தான் முக்கால்வாசிப் பேருக்குக் கிடைத்தது. புகைபிடிப்பவர்களுக்குப் பலன் குறைந்ததையும் அதே ஆய்வு சொன்னது. உடல் நடுப்பகுதியைவிடக் கணுக்கால், விரல் பக்கம் மெதுவாகத்தான் மங்கும்.

பாட்டிமார் கையில் இருக்கும் பச்சை இதில் சுலபமான கேஸ். அந்தக் காலத்து மை பெரும்பாலும் விளக்குக் கரி. கருப்பு எல்லா லேசர் ஒளியையும் உறிஞ்சும். கையால் குத்தியதால் மையும் குறைவு. பேரன் போட்டுக்கொண்ட கலர் டாட்டூதான் பாடாய்ப் படுத்தும். பச்சை, மஞ்சள் நிறங்கள் பிடிவாதமானவை. வெள்ளையும் தோல்நிற மையும் லேசர் பட்டதும் கறுத்தே போகலாம். சிவப்பு மை குத்திய இடம் ஏற்கெனவே தடித்து அரித்துக்கொண்டிருந்தால் லேசருக்கு முன் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அலர்ஜி உடம்பெங்கும் பரவக்கூடும்.

மாநிறத் தோலுக்கு

விளம்பரப் படங்களில் வருவது பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோல். நம் தோலின் நிறமியும் லேசர் ஒளியை உறிஞ்சும்; அதனால் சூடுபட்டு வெளிறிய திட்டோ கருந்திட்டோ விழலாம். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் மேல்தோல் நிறமியை அதிகம் சீண்டாமல் ஆழத்துக்குப் போகும் என்பதால் கருத்த தோலுக்கு அதுவே பாதுகாப்பு. சிவப்பு மைக்குப் பயன்படும் 532 நானோமீட்டர் ஒளியை நம் தோலில் கவனமாகத்தான் கையாள வேண்டும். பிகோ லேசர் என்பது துடிப்பின் நேரத்தை இன்னும் சுருக்கியது; சிட்டிங் குறையலாம், செலவு கூடும். முடி நீக்கும் மெஷினிலேயே பச்சையையும் எடுத்துவிடுவதாகப் பார்லரில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது தோலை வேகவைத்துத் தழும்பாக்கிவிடும்.

காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு மேடாக வளர்ந்த அனுபவம் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

சுண்ணாம்பு, சேங்கொட்டை, களிம்பு

மருவுக்கு வைப்பது போலச் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்துப் பச்சையின் மேல் வைப்பது, சேங்கொட்டைப் பால் தடவுவது எல்லாம் தோலை எரித்துப் புண்ணாக்கும் வேலை. சேங்கொட்டையும் முந்திரியும் ஒரே குடும்பம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் விரல்களைப் பார்த்திருந்தால், அந்தக் கொட்டையின் எண்ணெய் தோலை என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. இணையத்தில் விற்கும் ‘டாட்டூ ரிமூவர்’ களிம்புகள் பலவற்றில் இருப்பது அமிலம். எதைத் தடவினாலும் எழுத்து இருந்த இடத்தில் அதே எழுத்து தழும்பாக நிற்கும்; தழும்புக்கு லேசரும் சரியாக உதவாது.

கத்தியும் மேல்டாட்டூவும்

விரலளவு பெயர் என்றால் அறுத்தெடுத்துத் தையல் போட்டுவிடலாம். ஒரே நாளில் வேலை முடியும். கோடு போல ஒரு தழும்பு மிஞ்சும். ராணுவ முகாம் நெருங்கியவர்களுக்கும் இது பொருந்துமா என்பதை டாக்டரும் ஆள்சேர்ப்பு அறிவிக்கையும்தான் சொல்ல வேண்டும். தோலைத் தேய்த்தெடுக்கும் முறையில் நம் தோலுக்குத் தழும்பு அபாயம் அதிகம். முழுதாகப் போக வேண்டாம், பெயர் தெரியாமல் இருந்தால் போதும் என்பவர்கள் இரண்டு, மூன்று சிட்டிங்கில் மங்கவைத்து, மேலே வேறு படம் குத்திக்கொள்வது நல்ல யோசனை. மறுபடி குத்தினால் ஒரு வருஷம் ரத்ததானம் செய்யக் கூடாது. ஊசி புதிதா என்றும் கேளுங்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பழைய ஊசி வழியே வரும்.

எங்கே, எப்போது

முதல் ஆலோசனைக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவு விழுப்புரத்துக்காரர்களுக்குக் கைக்கெட்டிய தூரம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையிலேயே, கோரிமேட்டில் ஜிப்மர். தனியார் கிளினிக் என்றால் லேசரைப் பிடிப்பது தோல் டாக்டரா, என்ன அலைநீளம், முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பார்களா, மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். கர்ப்பிணிகள் குழந்தை பிறக்கும்வரை தள்ளிப்போடலாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது.

லேசர் பட்டதும் அந்த இடம் வெள்ளையாகப் பொங்கி, அரை மணிக்குள் அடங்கிவிடும். மறுநாள் கொப்புளம் வந்தால் உடைக்காமல் வாசலின் தடவி மூடிவையுங்கள். வெயில் பட்டால் கருந்திட்டு விழ வாய்ப்பு அதிகம். வயல் வேலையோ பைக் ஓட்டமோ உள்ளவர்கள் சித்திரை, வைகாசியைத் தவிர்த்து, ஐப்பசி வாக்கில் முதல் சிட்டிங்கை வைத்துக்கொண்டால் தோலுக்கு நல்லது.