ஆள் தெரிந்த பிறகுதான் வேலை

சினிமாவில் கொலையாளி யார் என்று தெரிந்ததும் படம் முடிந்துவிடும். காவல் நிலையத்தில் பல கொலை வழக்குகளில் அது முதல் நாள் சாயங்காலமே தெரிந்துவிடுகிறது. பங்காளித் தகராறு, வரப்புச் சண்டை, குடிபோதை வாய்த்தகராறு என்று தெருவே பெயரைச் சொல்லிவிடும். அப்புறம் இன்ஸ்பெக்டர் ஏன் மாதக்கணக்கில் அலைகிறார்? தெருவுக்குத் தெரிந்ததை, அந்தத் தெருவுக்கு வந்தே இராத ஒரு நீதிபதி நம்பும்படி காட்ட வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையிலும் அது சாயாமல் நிற்க வேண்டும். புலனாய்வில் துப்புத் துலக்குவது சிறு பங்கு. துலங்கியதைப் பத்திரப்படுத்துவதுதான் பெரும் பங்கு.

முதல் தகவல் அறிக்கையிலிருந்தே இது தொடங்கிவிடும். எஃப்.ஐ.ஆர். போட்டதும் அதன் பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு காவலர் மாஜிஸ்திரேட்டிடம் ஓடுவார். நள்ளிரவானால் வீட்டுக் கதவைத் தட்டிக்கூடக் கொடுப்பார்கள். மாஜிஸ்திரேட் அதில் கையெழுத்துப் போட்டு நேரத்தைக் குறிப்பார். இடையில் ஆறு மணி நேரம் கூடிப்போனால், அந்த ஆறு மணி நேரத்தில் உட்கார்ந்து பேசிப் பெயர்களைச் சேர்த்தீர்கள் என்று பின்னாளில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். பதில் இல்லாவிட்டால் நல்ல வழக்கிலும் அங்கேயே விரிசல் விழும்.

சம்பவ இடத்தில் நடப்பதைப் பார்த்தால் எழுத்து வேலை போலத்தான் இருக்கும். வி.ஏ.ஓ.வையோ அக்கம்பக்கத்தாரையோ சாட்சியாக வைத்துப் பார்வை மகஜர் எழுதுவார்கள். மாதிரி வரைபடம் போடுவார்கள். ரத்தம் படிந்த மண்ணை ஒரு டப்பாவிலும், பக்கத்திலேயே ரத்தம் படியாத மண்ணை இன்னொரு டப்பாவிலும் எடுப்பார்கள். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இரண்டாவது டப்பா எதற்கென்று புரியாது. ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். கறை ரத்தம்தான், மண்ணின் நிறமல்ல, கொலை நடந்த மண்ணும் இதுதான் என்று சொல்ல அந்த வெறும் மண் தேவைப்படுகிறது. பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை முடிந்த பிறகே உடல் போஸ்ட்மார்ட்டத்துக்குப் போகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. ஆட்களும் வண்டிகளும் ஆய்வகங்களும் தயாராவதற்காக மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தந்திருக்கிறது.

அடுத்தது வாக்குமூலம். ‘போலீசிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று செய்தித்தாளில் படித்ததும் வழக்கு முடிந்ததாக நாம் நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணில் அந்த ஒப்புதலுக்கு மதிப்பே இல்லை. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் முதல் இன்றைய புதிய சாட்சியச் சட்டம் வரை, போலீஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை ஒருவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ஒரே ஒரு சிறு வாசல் உண்டு. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அதற்கு நேராகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாகாணத்திலிருந்து பிரிவி கவுன்சில் வரை போன புலுக்குறி கோட்டையா வழக்கு இதைத் தெளிவாக்கியது. ‘நான் குத்திய ஈட்டியை வைக்கோல் போரில் ஒளித்திருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்லி, ஈட்டி கிடைத்தால், ஒளித்த இடம் அவருக்குத் தெரியும் என்பது மட்டுமே சாட்சியம். ‘குத்திய’ என்ற சொல் வாசலுக்கு வெளியே நின்றுவிடும். அந்த ஈட்டிதான் கொன்றது என்று காட்டுவதற்கு ரத்தமும் காயமும் தனியாகப் பேச வேண்டும்.

இந்தச் சிறு வாசலை அகலப்படுத்தும் ஆசை தமிழ்நாட்டுக் காவல்துறைக்கு நெடுங்காலமாக உண்டு. கொலை செய்தவர் நேராக, போலீஸ் அதிகாரி அல்லாத வி.ஏ.ஓ.வின் அலுவலகத்துக்குப் போய் மனம் திறந்து எல்லாவற்றையும் சொன்னதாக எத்தனையோ வழக்குகளில் எழுதப்பட்டிருக்கிறது. முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் ஏன் சொன்னார் என்று நீதிமன்றங்களும் சளைக்காமல் கேட்டுவருகின்றன. ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்து’ கையில் மாவுக்கட்டோடு வரும் குற்றவாளிகளின் படத்தைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள், அந்தக் கட்டு எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கிடைக்கும் பரிசு என்பதை யோசிப்பதில்லை. அடித்து வாங்கியதுதான் இந்தச் சாட்சியம் என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் இருக்க முடியாது.

குழந்தை காணாமல் போன வழக்கு வேறு மாதிரி. இங்கே முதல் எதிரி கடிகாரம். கடத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளின் வழக்குகளை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று குழந்தைகள் கடத்தப்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொல்லப்பட்டிருந்தது தெரிந்தது. 1996-இல் டெக்சாஸில் ஆம்பர் ஹேகர்மன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்ட பிறகு பிறந்த ‘ஆம்பர் அலர்ட்’ முறையும், விசாரித்துவிட்டு அறிவிக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது என்பதைத்தான் சொல்கிறது. நம் ஊரில் ‘சாயங்காலம் வரை பாருங்கம்மா, வந்துடுவா’ என்று பெற்றோரைத் திருப்பி அனுப்பும் பழக்கத்துக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. காணாமல் போன ஒவ்வொரு குழந்தைக்கும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், கடத்தல் என்ற அனுமானத்தோடுதான் தொடங்க வேண்டும் என்றது. எஃப்.ஐ.ஆர். பதிவைக் கட்டாயமாக்கி அதே ஆண்டு நவம்பரில் வந்த லலிதா குமாரி தீர்ப்பும் காணாமல் போன ஒரு சிறுமியின் தந்தையுடைய புகாரைப் போலீஸ் பதிவு செய்யாததிலிருந்து பிறந்ததுதான்.

முதல் மணி நேரங்களில் தனிப்படைகள் திசைக்கொன்றாகப் பிரியும். ஒன்று வீட்டுக்குள்ளேயே தேடும். கட்டிலடி, தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடி, பக்கத்து வீட்டுப் பூட்டிய அறை என எதையும் விடாது. பெற்றோருக்கு இது அவமானமாக இருக்கும். ஆனால் குழந்தையை எடுத்துச் செல்கிறவர் பெரும்பாலும் குழந்தைக்கோ குடும்பத்துக்கோ தெரிந்தவர் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. இன்னொன்று பேருந்து நிலையம், ரயில் நிலையம், சுங்கச்சாவடி என்று ஓடும். மற்றொன்று கேமராக்களைப் பின்தொடரும். 2021 அக்டோபரில் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில், பிரசவித்த தாயிடம் உதவி செய்வதுபோலப் பழகிய ஒரு பெண் பச்சிளம் குழந்தையைக் கட்டைப்பையில் வைத்து எடுத்துப் போய்விட்டார். அந்தப் பையோடு அவர் போவது கேமராவில் பதிவாகியிருந்தது. சில நாட்களுக்குள் பட்டுக்கோட்டையில் குழந்தை மீட்கப்பட்டது. குழந்தை உயிரோடு கிடைத்துவிட்டால் கேமராவின் முக்கியமான வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் அதே கேமரா நீதிமன்றத்துக்கும் வந்தாக வேண்டும்.

இங்கேதான் இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

2015 ஜூன் 23 அன்று சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ், ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த தன் கல்லூரித் தோழியுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் தலை துண்டான நிலையில் அவருடைய உடல் கிடந்தது. தற்கொலை என்று நம்ப வைக்கக் கடிதம் எழுதி வாங்கி, வீடியோவும் எடுத்திருந்தார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். முக்கியச் சாட்சியான அந்தத் தோழி, கோயில் கேமராவில் தெரிவது தான் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னார். அந்த நிலையிலும் வழக்கு விழவில்லை. கோயில் கேமராப் பதிவும், அதைத் தாங்கிய மற்ற ஆவணங்களும் அறிவியல் சான்றுகளும் நின்றன. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் முக்கியக் குற்றவாளியான யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கும் ரயில் பாதைக்கும் நேரில் போய், கேமராக்கள் எங்கே இருந்தன, எது எங்கிருந்து தெரியும் என்று பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜின் தண்டனை உறுதியானது.

மற்றது சென்னை முகலிவாக்கம் வழக்கு. 2017 பிப்ரவரியில் ஏழு வயதுச் சிறுமி காணாமல் போய்க் கொல்லப்பட்டாள். கைதானவருக்கு ஓராண்டில் தூக்குத் தண்டனை. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவருடைய நடமாட்டம் கேமராவில் பதிவாகியிருந்ததாகச் சொன்ன போலீஸ், அந்தப் பதிவை முறைப்படி நிரூபிக்கவில்லை. சிறுமியோடு கடைசியாகப் பார்த்ததாகச் சொன்ன சாட்சியத்தையும் நீதிபதிகள் நம்பவில்லை. குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தன்னைத் தற்காத்துக்கொள்ளப் போதிய வாய்ப்பும் கொடுக்கப்படவில்லை என்றார்கள். தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றத்தைத் திட்டியவர்கள் ஏராளம். என் கோபம் வேறு பக்கம் போகிறது. கேமராப் பெட்டியில் பழைய பதிவுகள் சில வாரங்களில் தாமாகவே அழிந்துவிடும். அதற்குள் அதைக் கைப்பற்றி, சீல் வைத்து, மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழோடு நீதிமன்றத்தில் சேர்ப்பது கடினமான வேலையே அல்ல. கவனமான வேலை, அவ்வளவுதான்.

ரவுடிக் கும்பல்களின் கொலையில் ஆரம்பமே தலைகீழ். பட்டப்பகலில் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். ஆனால் யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் இங்கே விசாரணை அதிகாரி சாட்சியைத் தேடுவதற்கு முன் பழைய வழக்குகளைப் புரட்டுவார். இறந்தவர் எந்தக் கொலையில் குற்றவாளி, அந்தக் கொலைக்கு இன்று நினைவு நாளா, எதிர்க் கும்பலில் யார் சமீபத்தில் ஜாமீனில் வந்தார், சிறையில் யாரை யார் மனு போட்டுப் பார்த்தார்? ஜாமீன் நிபந்தனைப்படி காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் வெட்டப்பட்டவர்கள் உண்டு. தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் போகும் ஆள் எதிரிக்கு வசதி.

சில நாட்களில் யாரோ நாலு பேர் தொலைவிலுள்ள ஒரு நீதிமன்றத்தில் சரணடைவார்கள். இது பயந்து வருவதல்ல, கணக்குப் போட்டு வருவது. நீதிமன்றத்தில் சரணடைந்தால் நேரே சிறைக்குப் போகலாம், போலீஸ் கையில் சிக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் முதல் பதினைந்து நாளுக்குள் காவலில் எடுக்காவிட்டால் போலீசுக்கு வாய்ப்பே போய்விடும். சுரக்ஷா சன்ஹிதாவில் அந்தப் பதினைந்து நாளை, குற்றத்தைப் பொறுத்து முதல் நாற்பது அல்லது அறுபது நாட்களுக்குள் பிரித்துப் பிரித்து எடுக்கலாம். சரணடைந்தவர் உண்மையான ஆளா, காசு வாங்கிக்கொண்டு வந்த டம்மியா என்பது அடுத்த கேள்வி. வெட்டியவர்களின் கையில் தம் கத்தியே கீறிய காயம் இருக்கக்கூடும். டம்மிக்கு அது இருக்காது; ஆயுதத்தை எங்கே போட்டார்கள் என்பதும் தெரியாது.

செல்போன் இங்கே பெரிய துணை. ஆனால் டவர் காட்டுவது ஒரு பகுதியை. ஒரு வீட்டு வாசலை அல்ல. விவரம் தெரிந்த கும்பல் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரும். அதையும் படிக்கலாம். எப்போதும் இரவு ஒரு மணி வரை பேசிக்கொண்டிருக்கும் ஐந்து போன்கள் அன்றைக்கு மட்டும் ஒரே நேரத்தில் மௌனமானால் அது தற்செயல் அல்ல. கொலைக்கு முந்தைய வாரம் இறந்தவரின் பாதையில் அடிக்கடி தென்பட்ட புது எண்கள் நோட்டம் பார்த்தவர்களுடையதாக இருக்கலாம்.

பார்த்த சாட்சி ஒருவர் துணிந்து வந்துவிட்டால், முதல் வேலை அவரை மாஜிஸ்திரேட் முன் சத்தியப் பிரமாணத்தோடு பேச வைப்பது. போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்துக்கூட இருக்காது. மறுத்துவிட்டுப் போவது எளிது. முகம் தெரியாத எதிரிகள் என்றால் சிறையில் அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டும். பிடிபட்டவர்களின் படத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்துப் பெருமைப்பட்ட பிறகு நடத்தும் அணிவகுப்பு செல்லாக்காசு. முகத்தைத் துணியால் மூடி அழைத்து வருவதற்கு இதுவே காரணம். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் மிரட்டுகிறவர் வசிக்கும் தெருவிலேயே சாட்சியும் தொடர்ந்து குடியிருக்கும்வரை, ஒரு கான்ஸ்டபிளை வாசலில் நிறுத்துவதில் எவ்வளவு தூரம் போக முடியும்?

கொலை வழக்கில் தொண்ணூறு நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை போகாவிட்டால் குற்றம்சாட்டப்பட்டவர் ஜாமீனை உரிமையாகக் கேட்டு வெளியே வந்துவிடலாம். ஆய்வக அறிக்கைகள் வர வர, கூடுதல் அறிக்கைகள் பின்னால் சேரும். சாட்சி விசாரணை தொடங்கும்போது இன்ஸ்பெக்டர் வேறு மாவட்டத்துக்கு மாறியிருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். அந்த நிலையில் அவருடைய இடத்துக்கு வந்தவரே ஆவணங்களை வைத்துச் சாட்சி சொல்லலாம் என்று சுரக்ஷா சன்ஹிதா இடம் தருகிறது. வழக்கு தாமதமாகாமல் இருக்க இது உதவும். ஆனால் குறுக்கு விசாரணையில், அந்த டப்பாவுக்கு சீல் வைத்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டால், அவரால் இல்லை என்றுதான் சொல்ல முடியும்.