புத்தாண்டுப் பலகாரத்துக்கு நல்ல கச்சான்

சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் அயல் வீடுகளுக்கும் உறவினர் வீடுகளுக்கும் பலகாரத் தட்டுக் கொடுத்தனுப்புதல், எம் நாட்டில் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே கைக்கொள்ளும் வழக்கமாகும். தம் மேட்டுநிலத்தில் விளைந்த கச்சானைக் கொண்டு வீட்டிலே செய்த அல்வாவும் உருண்டையும் அத்தட்டில் இருப்பின், அவை செலவிற் குறைந்தனவும் கமக்காரக் குடும்பத்துக்குப் பெருமை தருவனவுமாம். கச்சான் சத்து மிக்க உணவு. அதன் பருப்பில் ஏறத்தாழ அரைப்பங்கு எண்ணெயும் காற்பங்கு புரதமும் உள்ளன.

ஆயினும், ஏப்ரல் மாதத்திற் கொடுக்கும் பலகாரத்தின் நலம், பெரும்போகக் கச்சானைப் பிடுங்கும் தை, மாசி மாதங்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அறுவடைக்கும் பண்டிகைக்கும் இடையே இரண்டு மூன்று மாதங்கள் கச்சான் வீட்டிலே கிடக்கின்றது. சரியாக உலராத கச்சானிற் பூஞ்சணம் பிடிப்பது அக்காலத்திலேயே. பூஞ்சணம் பிடித்த கச்சானை எவ்வளவு திறமையாகச் சமைத்தாலும் அதை நல்லுணவாக்குதல் இயலாது.

பூஞ்சணத்தால் வரும் நஞ்சு

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. ஆராய்ந்தபொழுது, அவற்றின் தீனியிற் கலந்திருந்த கச்சான் பிண்ணாக்கே காரணம் எனத் தெரியவந்தது. அப்பிண்ணாக்கில் வளர்ந்திருந்த அசுபெர்ஜிலஸ் பிளேவஸ் என்னும் பங்கசு ஒரு நஞ்சை உண்டாக்கியிருந்தது. அந்நஞ்சுக்கு அப்பங்கசின் பெயரைக் கொண்டே அபிளாடொக்சின் எனப் பெயரிட்டனர்.

இந்நஞ்சு ஈரலைத் தாக்குவது. நெடுங்காலம் சிறிது சிறிதாக உட்கொள்ளப்படின் மனிதருக்கு ஈரற் புற்றுநோயை விளைவிக்கவல்லது. வறுத்தலால் இதன் ஒரு பகுதி அழியுமாயினும் முழுவதும் அழிவதில்லை. ஆகவே, “வறுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்று எண்ணுதல் தவறு.

நெல்லை உலர்த்துவது போற் போதாது

நெல்லை நூற்றுக்கு 13 அல்லது 14 வீத ஈரத்துக்கு உலர்த்திவிட்டால் அது பழுதின்றி இருக்கும் என்பது கமக்காரர் அறிந்ததே. அதே அளவிற் கச்சானையும் உலர்த்தி நிறுத்துவோர் ஏமாற்றமடைவர். காரணம் இதுவே: எண்ணெய் நீரை ஏற்பதில்லை. கச்சான் பருப்பில் அரைப்பங்கு எண்ணெயாதலால், உள்ள ஈரம் முழுவதும் மற்றை அரைப்பங்கிலேயே தங்குகிறது. எனவே, 14 வீத ஈரமுள்ள கச்சானில், எண்ணெயல்லாத பகுதியின் ஈரம் ஏறத்தாழ இருமடங்காகும். பூஞ்சணம் வளர அது தாராளமாகப் போதும். கோதுடன் கூடிய கச்சானை 10 வீதத்துக்குக் குறைவாகவும், உடைத்த பருப்பை 7 அல்லது 8 வீதத்துக்கும் உலர்த்துதல் வேண்டும்.

பிடுங்கலும் உலர்த்தலும்

1. காய் நிரம்பும் இறுதி வாரங்களிற் பயிரைக் கடுமையாக வாடவிடாதீர்கள். வறட்சியால் வாடிய செடியின் காய்களிற் பங்கசு நிலத்துக்குள்ளேயே புகுந்துவிடும்.

2. சில காய்களை உடைத்துப் பாருங்கள். கோதின் உட்புறம் கருமை படர்ந்திருப்பின் கச்சான் முற்றிவிட்டது. அதன்பின் தாமதியாது பிடுங்குக. மண்வெட்டி பட்டு வெட்டுண்ட காய்களையும் கறையான் அரித்த காய்களையும் அப்பொழுதே வேறாக்குக.

3. பிடுங்கிய செடிகளைக் காய்கள் மேல்நோக்கியிருக்குமாறு கவிழ்த்து இரண்டு மூன்று நாள்கள் வெயிலில் விடுக. ஈரக் கச்சானை ஒருபோதும் குவித்து வைத்தலாகாது.

4. பின்னர்க் காய்களை ஆய்ந்து, பாயிலோ சீமெந்துக் களத்திலோ இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத கனத்திற் பரப்பி, நாளுக்குப் பலமுறை கிளறிவிடுக. இரவிலும் மழையிலும் மூடிவைக்க. வெயில் நன்றாக இருப்பின் ஒரு வாரமளவில் உலர்ந்துவிடும்.

5. காயைக் காதருகே பிடித்து ஆட்டினாற் பருப்புக் கலகலவென ஒலிக்க வேண்டும். பருப்பைக் கடித்தால் ‘நறுக்’ என உடையவேண்டும். விரலால் உரைத்தால் தோல் எளிதிற் கழல வேண்டும். வளைந்து நசியுமாயின் இன்னும் உலர்த்துக.

கோதே பருப்புக்கு இயற்கை தந்த காவலாதலால், கச்சானைக் கோதுடனே சாக்கிலிட்டு, நிலத்திலும் சுவரிலும் படாதவாறு பலகைமேல் அடுக்கிவைத்து, வேண்டியபொழுது வேண்டிய அளவே உடைத்தல் நன்று. உடைப்பதற்கு எளிதாகுமென்று கோதின்மேல் நீர் தெளித்தல் ஆகாது. பல நாள் உலர்த்திய உழைப்பு அதனால் வீணாகிவிடும்.

தெரிந்தெடுத்தல்

பருப்பைச் சுளகிற் பரப்பி, நல்ல வெளிச்சத்திற் பார்வையிடுக. பச்சை, மஞ்சள் அல்லது கருநிறம் படர்ந்தவை, சுருங்கியவை, முளைத்தவை, பூச்சி துளைத்தவை, உடைந்தவை யாவற்றையும் நீக்குக. வறுத்துத் தோல் நீக்கிய பின்னர் மீண்டும் ஒருமுறை தெரிதல் இன்றியமையாதது. தோலின்கீழ் மறைந்திருந்த நிறமாற்றம் அப்பொழுதே புலப்படும்.

கழித்தவற்றை மாட்டுக்கோ கோழிக்கோ இடாதீர்கள். கோழியையும் தாராவையும் அந்நஞ்சு தாக்கும். பசு உண்டாற் பாலிலும் அது வெளிப்படும். எண்ணெய் ஆட்டுதற்கும் அவற்றைச் சேர்த்தலாகாது. புதைத்துவிடுதலே தக்கது.

கச்சான் அல்வா

தெரிந்தெடுத்த பருப்பு 500 கிராம், சர்க்கரை அல்லது பனங்கட்டி 500 கிராம், நீர் அரைக் கோப்பை, ஏலக்காய் சிறிது.

தாச்சியிற் சுத்தமான மணலைச் சூடாக்கி, பருப்பை அதிலிட்டு, இளந்தீயில் இடைவிடாது கிளறி வறுக்கவும். மணல் சூட்டைச் சமமாகப் பரப்புவதாற் பருப்பு ஒருபுறம் கருகாது. அரித்தெடுத்து, ஆறியபின் தோலை உரைத்துப் புடைத்து, முற்கூறியவாறு மீண்டும் தெரிக.

சர்க்கரையை நீரிற் கரைத்து வடிகட்டிக் காய்ச்சுக. பாகின் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால், அது இறுகி, எடுத்து ஒடிக்கும்பொழுது ஓசையுடன் முறிய வேண்டும். நூல்போல இழுபடின் பதம் வரவில்லை. அப்பாகிற் செய்த அல்வா இரண்டொரு நாளிற் பிசுபிசுத்துவிடும். பதம் வந்ததும் இறக்கி, ஏலப்பொடியையும் பருப்பையும் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டிற் பரப்பி, சூடாறுமுன் துண்டுகளாக்குக.

எள்ளுக் கச்சான் உருண்டை

வறுத்த எள்ளு 250 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் 250 கிராம், பனங்கட்டி 250 கிராம் ஆகியவற்றை உரலிலிட்டு இடிக்கவும். இடிக்க இடிக்க எண்ணெய் கசிந்து மாவு தானே சேரும். நீர் விடாது உருண்டையாகப் பிடிக்கவும். இடித்த பருப்பின் எண்ணெயிற் காற்றுப் படுவதால் இது விரைவிற் காறிப்போகும். ஆதலால், பண்டிகைக்கு இரண்டொரு நாள் முன்னர்ச் செய்தலே நன்று.

கட்டிக் கொடுத்தல்

பலகாரம் முற்றாக ஆறியபின்னரே டின்னிலோ போத்தலிலோ இட்டு இறுக மூடுக. சூட்டுடன் மூடினால் ஆவி நீராகி அல்வாவை இளக்கும். வெயிலும் அடுப்பின் வெக்கையும் படாத இடத்தில் வைக்க.

சிலருக்குக் கச்சான் உடம்புக்கு ஒவ்வாது. சிறிதளவும் உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே, கொடுக்கும் பொதியின்மேல் “கச்சான் சேர்ந்தது” என்று எழுதிவிடுக. முழுப் பருப்புச் சிறு குழந்தைகளின் தொண்டையிற் சிக்கக்கூடுமாதலால் அவர்களுக்கு அதைக் கொடாதீர்கள்.

அயலார் நம்மை நம்பி வாங்கித் தம் பிள்ளைகளுக்கு ஊட்டும் பண்டம் இது. ஆதலின், நம் பிள்ளைக்குக் கொடுக்கத் துணியாத பருப்பு எதுவும் அத்தட்டிற் சேரலாகாது. கச்சானை உலர்த்துதல், சேமித்தல் ஆகியன பற்றி மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.