தொட்டிக் கள்ளியில் பழுப்புப் புள்ளியா? முதலில் தொட்டுப் பாருங்கள்

கள்ளிச்செடியில் பழுப்புப் புள்ளி ஒன்று தென்பட்டதும் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். செடி வாடுகிறது என்று தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுகிறார்கள். இல்லையென்றால் உரக்கடையில் 'ஏதாவது ஒரு மருந்து' கேட்டு வாங்கி வந்து அடிக்கிறார்கள். முதலாவது செடியைக் கொல்லும். இரண்டாவது வீட்டில் இருப்பவர்களுக்கே ஆபத்து. வெயில், வயது, பூச்சி, பூஞ்சை, அழுகல் எல்லாமே கள்ளியின் மேல் ஏறத்தாழ ஒரே நிறத்தில்தான் தெரியும். எது என்று அறியாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது.

ஒரு குச்சியின் மழுங்கிய முனையால் புள்ளியை மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் பதற வேண்டாம். அமுங்கினாலோ, நீர் கசிந்தாலோ, நாற்றம் வந்தாலோ அன்றைக்கே கத்தியை எடுக்க வேண்டும்.

மண்ணை ஒட்டிய அடிப்பாகத்தில் தொடங்கி, காய்ந்த பட்டையாக மெதுவாக மேலேறும் கெட்டிப் பழுப்பு, செடிக்கு வயதாவதன் அடையாளம். அதற்கு மருந்து தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் வெளுத்து, மஞ்சளாகி, பிறகு பழுப்பாகக் காய்ந்திருந்தால் அது வெயில் காயம். நர்சரியில் பச்சை நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த செடியை வாங்கி வந்து, கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் பிற்பகல் வெயில் விழும் மேற்குப் பக்கம் வெந்துவிடும். பாலைவனச் செடிக்கு வெயில் என்ன செய்துவிடும் என்ற நம்பிக்கையால் கெட்ட செடிகள் ஏராளம். காலை வெயிலில் தொடங்கி, இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். வெந்த தழும்பு மறையாது. ஆனால் பரவவும் செய்யாது.

நாம் அஞ்ச வேண்டியது அழுகலுக்குத்தான். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. நர்சரிகள் கள்ளியைத் தென்னை நார்க்கழிவில் நட்டு விற்கின்றன. எடை குறைவு, விலை மலிவு என்பதால் அவர்களுக்கு அது வசதி. ஆனால் நார்க்கழிவு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதை ஓட்டையில்லாத பீங்கான் கிண்ணத்தில் வைத்து, மேலே வண்ணக் கற்களை ஒட்டித் தந்தால் வேர் மூச்சுவிட வழியே இல்லை. காற்றில்லாமல் செத்த வேரில் பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்து, உள்ளுக்குள்ளேயே தண்டில் ஏறுகின்றன. புள்ளி வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கக்கூடும். மேலும் தண்ணீர் ஊற்றுவது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம்.

அழுகல் அடியிலிருந்து ஏறியிருந்தால் மேல்பாகத்தையாவது காப்பாற்றலாம். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, நல்ல பகுதி தொடங்கும் இடத்தில் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுமுகத்தின் நடுவே பழுப்புப் பொட்டோ வளையமோ தெரிந்தால் இன்னும் சற்று மேலே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை மறுபடி துடைக்க வேண்டும். நிறம் முழுக்கச் சுத்தமாகும்வரை நிறுத்தக் கூடாது. மனமிரங்கி ஒரு பொட்டை விட்டுவைத்தால் அதுவே மீதியையும் தின்றுவிடும். வெட்டுவாயில் கந்தகத் தூளைத் தூவி, ஒன்றிரண்டு வாரம் நிழலில் காயவிட்டு, உலர்ந்த மணல் கலவையின் மேல் நிறுத்துங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் வேண்டாம். பழைய மண்ணைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

வெட்டும்போது வெள்ளைப் பால் பீறிட்டால் எச்சரிக்கையாக இருங்கள். கேக்டஸ் என்று சொல்லி விற்கப்படும் பல செடிகள் உண்மையில் சதுரக்கள்ளி, திருகுகள்ளி இனத்தைச் சேர்ந்தவை. அந்தப் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகப் பார்வையிழப்பும் நேரலாம். கையுறையும் கண்ணாடியும் அணிந்தே வெட்டுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வரும் பழுப்புப் பொருக்கு, செதில் பூச்சி. பஞ்சாக வெள்ளை தெரிந்தால் மாவுப்பூச்சி. நுனியில் துரு படிந்தாற்போல் நிறம் மாறி, மெல்லிய நூலாம்படையும் இருந்தால் சிலந்திப்பேன். வறண்ட வெயில் காலத்தில் அது பெருகும். இத்தனை சிறிய பூச்சியா செடியைக் கொல்லும் என்று எண்ணாதீர்கள். தென்னிந்தியாவில் நிலங்களை ஆக்கிரமித்திருந்த சப்பாத்திக்கள்ளியை ஒடுக்க 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது மாவுப்பூச்சிக்கு நெருங்கிய உறவான ஒரு பூச்சிதான். வீட்டுத் தொட்டிக்குப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதே பல நேரங்களில் போதும். மிஞ்சியதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். பகலில் தெளித்தால் எண்ணெய்ப் பூச்சே செடியைச் சுட்டுவிடும். வட்டமாகக் குழிந்து, நடுவே கறுப்புப் பொட்டுகள் தெரிவது பூஞ்சைப் புள்ளி. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தெளிக்கலாம்.

எந்த மருந்தானாலும் டப்பாவில் உள்ள வண்ண முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம். பச்சைதான் நஞ்சு குறைந்தது. ஒரு பூந்தொட்டிக்காகச் சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மருந்தைப் பிரித்து, பெயரில்லாத பொட்டலத்திலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள். டப்பாவின் மேல் உரிய லேபிளும், உறைக்குள் வட்டார மொழியிலும் எழுதப்பட்ட விளக்கத் தாளும் இருக்க வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின் கட்டளை. யாராவது தவறி உட்கொண்டால் 108ஐ அழையுங்கள். டப்பாவையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வாங்கும் இடத்திலும் உங்களுக்கு உரிமை உண்டு. கள்ளியின் தலையில் பசையால் ஒட்டிய காகிதப்பூ, உடம்பெல்லாம் பூசிய பெயின்ட், ஒட்டுப்போட்ட சிவப்பு 'மூன் கேக்டஸ்' ஆகியவற்றை அதிக விலைக்கு விற்கிறார்கள். பசையை அகற்றினால் அங்கே பழுப்புத் தழும்பு நிற்கும். மூன் கேக்டஸின் சிவப்புத் தலையில் பச்சையமே கிடையாது. அது அடியிலுள்ள வேறொரு கள்ளியை நம்பிப் பிழைக்கிறது. ஒட்டு இணைப்பில் பழுப்பு தெரிந்தால் இணைப்பு விலகத் தொடங்கியிருக்கலாம். இவற்றைச் சொல்லாமல் விற்பது சரியல்ல.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் பில் தராமல் விற்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் காலவரம்பு குறிப்பிடாவிட்டால் 30 நாள் அவகாசம் உண்டு. ஆகவே வாங்கிய அன்றே படம் எடுத்து, தொட்டியிலிருந்து செடியைச் சரித்து வேரைப் பாருங்கள். கறுத்துக் குழைந்திருந்தால் அப்போதே விற்பவரிடம் சொல்லுங்கள். இரண்டு மாதம் நீங்களே தண்ணீர் ஊற்றிக் கெடுத்த செடிக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், ஏற்கவும் வேண்டியதில்லை. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

செடி வீட்டுக்கு வந்ததும் நார்க்கழிவை உதிர்த்துவிட்டு, ஓட்டையுள்ள மண்தொட்டியில் பாதிக்கு மேல் பருமணலும் செங்கல் சிப்ஸும் கலந்து நடுங்கள். கடற்கரை மணல் ஆகாது, உப்பு. இரண்டு மூன்று வாரம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். மண் அடிவரை காய்ந்த பிறகே தண்ணீர். அடைமழையில் சன்ஷேடுக்கு அடியில் வைத்துவிட்டுத் தண்ணீரையே மறந்துவிடலாம்.

விற்பவர் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.