மடக்குக் கத்தியின் முதுகில் ஒரு பட்டை

டீ வருவதற்குள் ஒரு பழைய பாணி மடக்குக் கத்தியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பூட்டு இல்லை, பட்டன் இல்லை. அலகில் இருக்கும் பள்ளத்தில் நகத்தை மாட்டி இழுத்தால் முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு இளகும், கடைசியில் ‘டக்’கென்று தானே போய் உட்காரும். மூடும்போதும் அப்படித்தான். இவ்வளவையும் செய்வது பிடியின் முதுகில் ஓடும் ஓர் எஃகுப் பட்டை. ஸ்பிரிங் என்றதும் பேனாவுக்குள் இருக்கும் சுருளை நினைக்க வேண்டாம். லாரியின் அடியில் சுமை தாங்குகிறதே, அந்த ஸ்பிரிங் பட்டையின் இனம் இது. நீளம் மட்டும் விரலளவு.

பட்டையின் பின்முனையை ஓர் ஆணி பிடித்திருக்கிறது, நடுவை இன்னோர் ஆணி. முன்முனைக்கு ஆணி கிடையாது. அது அலகின் அடிப்பாகத்தை எந்நேரமும் அழுத்தியபடி இருக்கிறது. அந்த அடிப்பாகத்தை உருண்டையாக விடாமல் தட்டைப் பக்கங்கள் வைத்துச் செதுக்கியிருப்பார்கள். தட்டைப் பக்கம் பட்டையோடு ஒட்டியிருக்கும்வரை அலகு அசையாது. திருப்பினால் மூலை வந்து பட்டையை மேலே தூக்கும். மூலை தாண்டியதும் பட்டை இறங்கி அடுத்த தட்டைப் பக்கத்தில் அறையும். நாம் கேட்கும் ‘டக்’ அதுதான். சில கத்திகள் பாதி திறந்த நிலையில், செங்குத்தாக ஒருமுறை நின்றுவிட்டுப் போகும். நடுவிலும் ஒரு தட்டைப் பக்கம் விட்டிருப்பதே காரணம். அந்த இடத்தை வளைவாக உருட்டிவிட்டால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இனி விறைப்புக்கு வருவோம். ஒரு கத்தி திறக்கக் கடினமாக இருந்தால், “ஸ்பிரிங்குக்கு நல்லாப் பதம் போட்டிருக்கான்” என்பார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு நீலநிறம் ஏறும்வரை, ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸுக்கு, மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். இதனால் பட்டையின் விறைப்பு கூடுவதில்லை. பதம் போட்ட எஃகும் போடாத எஃகும் ஒரே அளவில் இருந்தால், சிறிது வளைக்க இரண்டுக்கும் ஒரே விசைதான் வேண்டும். பதம் தருவது வேறொன்று: கூடுதலாக வளைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பி வரும் குணம். பதமில்லாத பட்டை முதல் சில தடவையிலேயே வளைந்தது வளைந்தபடி நின்றுவிடும். பதம் மிஞ்சினால் ஒடியும்.

அப்படியானால் விறைப்பு எங்கிருந்து வருகிறது? வடிவத்திலிருந்து. பட்டையின் தடிமன், அதாவது அது வளையும் திசையிலுள்ள கனம், சற்றே கூடினாலும் விறைப்பு மும்மடிக் கணக்கில் ஏறும். 2 மில்லிமீட்டர் பட்டையை 2.2 ஆக்கினால் திறக்கும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மாறாக, நடு ஆணிக்கு முன்னால் நீளும் பகுதியைப் பத்தில் ஒரு பங்கு நீட்டினால் விசை கால்வாசி குறையும். நடு ஆணியின் துளை ஒரு மயிரிழை தள்ளிப் போனால்கூடக் கையில் தெரிவது இதனால்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ‘லிட்டில் மெஸ்டர்’ என்று அழைக்கப்பட்ட சிறுபட்டறைக் கைவினைஞர்கள் அரத்தால் ஓர் இழுப்பு, பொருத்திப் பார்ப்பது, மறுபடி ஓர் இழுப்பு என்று வேலை செய்ததில் எவ்வளவு நுணுக்கம் இருந்தது என்பதை இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என்னால் முழுதாக மதிக்க முடிந்தது.

தடிமனைக் கூட்டுவதில் ஒரு விலையும் உண்டு. அதே அளவு வளையும்போது தடித்த பட்டைக்குள் இறுக்கம் அதிகம், சீக்கிரம் களைத்துப்போகும். அகலத்தைக் கூட்டினால் இந்தத் தொல்லை இல்லை. விறைப்பு அகலத்தின் கணக்கிலேயே ஏறும், உள்ளிறுக்கம் ஏறாது. ஆனால் கத்தி பருத்துச் சட்டைப்பையில் துருத்தும். மடக்குக் கத்தியின் வடிவ மாற்றங்களில் சில இந்த இழுபறிக்குக் கண்ட வழிகள்தான்.

பிரான்சின் லாயோல் கிராமத்தில் 19ஆம் நூற்றாண்டில் உருவான கத்தியைப் பாருங்கள். அதன் பட்டை நுனியில் ஒரு சிறு புடைப்பு. அலகின் அடியில் அதற்கேற்ற பள்ளம். திறந்ததும் புடைப்பு பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். பட்டையைத் தடிமனாக்காமலே பிடிமானத்தைக் கூட்டிய வழி இது. பட்டை நுனியின் மேலே தேனீ உருவம் வேறு.

சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் 1897இல் பதிவுசெய்த அதிகாரிகளின் கத்தி இன்னொரு வழி. பட்டையை நடுவில் பிடித்து, இரண்டு முனைகளையும் வேலை வாங்கினார். ஆறு கருவிகளுக்கு இரண்டே பட்டைகள். நாம் எல்லோரும் பார்த்திருக்கும் சிவப்புக் கத்தி இதன் வாரிசு. ஜோசப் ஒபினெல் 1890இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் செய்த கத்தியிலோ ஸ்பிரிங்கே இல்லை. மரப்பிடியின் உரசல்தான் அலகைப் பிடித்தது. அலகைப் பூட்டும் வளையம் 1955இல்தான் வந்தது.

பிரிட்டனில் சட்டமும் இதற்குள் நுழைந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைத் தனிக் காரணம் சொல்லாமல் வெளியே கொண்டுபோக விடுகிறது. பூட்டுள்ள கத்தி இந்தச் சலுகையில் சேராது என்று பிறகு நீதிமன்றம் தெளிவாக்கியது. எனவே அங்கே அலகை நிறுத்தி வைக்கும் பொறுப்பு இன்றும் பட்டையின் தலையில்தான்.

விறைத்த கத்தியே உசத்தி என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. பூட்டில்லாத கத்திக்கு, வேலைக்கு நடுவே விரல்மேல் மூடாத அளவு விறைப்பு கட்டாயம் வேண்டும். அதற்கு மேல் போனால் நகம் உடையும். கை வழுக்கினால் அலகு விரலைப் பார்க்கும். சின்னக் கத்தியில் நகப்பள்ளம் சுழலும் ஆணிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அதே விறைப்பு இன்னும் அதிகமாகத் தோன்றும். வயதானவருக்கோ மூட்டுவலிக்காரருக்கோ வாங்கித் தருவதானால் பள்ளம் தள்ளி இருக்கும் நீண்ட அலகாகப் பாருங்கள்.

கடையில் கத்தியைக் கையில் வாங்கியதும் முதுகை விரலால் தடவிப் பாருங்கள். மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் பட்டை பிடியின் விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். பாதியில் நிற்கும் கத்தியானால் அந்த நிலையிலும். எங்காவது மேடோ பள்ளமோ தட்டுப்பட்டால் அலகின் அடியைச் சரியாகச் செதுக்கவில்லை என்று அர்த்தம். திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. வீட்டில் இருக்கும் கத்தி திடீரென்று விறைத்துப்போனால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் மூட்டில் அழுக்கோ துருவோ சேர்ந்திருக்கும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பத்துத் தடவை திறந்து மூடினால் இளகிவிடும்.