கடப்பாரைக்கு முன்னால் மவுஸ்!
வீட்டுப் பிளானை நீங்களே கம்ப்யூட்டரில் வரையலாம்

தென்காசி மாவட்டம் ராயகிரியில் இருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அதே மனையில் புது வீடு கட்டுவது என்று முடிவானது. மனை 30-க்கு 50 அடி. அப்பா, அம்மா, ஆச்சி, நான் என்று நான்கு பேர். ஆளுக்கொரு ஆசை. என் ஆசை, வீட்டுக்குக் கீழே ஒரு பேஸ்மெண்ட். நெல் மூட்டை, தேங்காய், பழைய சாமான் எல்லாவற்றையும் அங்கே போட்டுவிட்டால் மேலே வீடு சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

கொத்தனாரிடம் போனில் கேட்டேன். “பேஸ்மெண்ட் சேர்த்துத்தான் தம்பி ரேட் சொல்லியிருக்கேன். அது இல்லாம வீடு எப்படிக் கட்டுறது?” என்றார். இவ்வளவு மலிவா என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த வாரம் நான் கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை பிரிண்ட் எடுத்து அவரிடம் காட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நம் ஊர்க் கட்டட வேலையில் பேஸ்மெண்ட் என்றால் தரைக்கு மேலே எழும்பி நிற்கும் அடித்தள மேடை. நான் கேட்டதோ தரைக்குக் கீழே தோண்டும் அறை. அவர் 2 அடி மேலே ஏறியிருந்தார், நான் 5 அடி கீழே இறங்கியிருந்தேன்! ஒரு பிரிண்ட் அவுட் பெரிய சண்டையைத் தவிர்த்தது. (இனிக் குழப்பம் வேண்டாம். இந்தக் கட்டுரையில் தரைக்குக் கீழே இருப்பதை நிலவறை என்றே சொல்கிறேன்.)

இந்த வேலைக்கு ஆட்டோகேட் எல்லாம் படிக்க வேண்டியதில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய யாரும் இரண்டு மாலை நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். எப்படி என்று பார்ப்போமா?

தேவையான சாஃப்ட்வேர்

ஸ்வீட் ஹோம் 3டி என்ற சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். இது இலவசம், ஓபன் சோர்ஸ் வகையைச் சேர்ந்தது. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த இமானுவேல் புய்பாரே உருவாக்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். திறந்தால் இடது பக்கம் கதவு, ஜன்னல், கட்டில் போன்ற பொருட்களின் பட்டியல் இருக்கும். வலது பக்கம் மேலே நீங்கள் வரையும் பிளான், கீழே அதே வீட்டின் முப்பரிமாணத் தோற்றம். மேலே ஒரு சுவர் வரைந்தால் கீழே அது உடனே எழும்பி நிற்கும்.

முதல் வேலை: அடிக்கு மாற்றுங்கள்

ஃபைல் மெனுவில் பிரிஃபரன்சஸ் செல்லுங்கள். யூனிட் என்ற இடத்தில் அடி, அங்குலத்தைத் தேர்வு செய்யுங்கள். நம் கொத்தனார்களுக்கு அடிக்கணக்குதான் கைவந்தது. அங்கேயே புதுச் சுவரின் தடிமனையும் கொடுத்துவிடலாம். வெளிச்சுவருக்கு 9 அங்குலம், உள் தடுப்புச் சுவருக்கு நாலரை அங்குலம் என்பது நம் செங்கல் கட்டட வழக்கம்.

சுவர் வரைதல்

பிளான் மெனுவில் கிரியேட் வால்ஸ் என்பதைக் க்ளிக் செய்யுங்கள். ஒரு மூலையில் க்ளிக், அடுத்த மூலையில் க்ளிக். முடிக்கும்போது டபுள் க்ளிக். மவுஸால் அளவு சரியாக வரவில்லையா? வரையும்போதே என்டர் கீயை அழுத்தினால் நீளத்தை டைப் செய்யலாம்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். இந்த சாஃப்ட்வேர் சுவரின் நடுக்கோட்டைத்தான் அளக்கும். 9 அங்குலச் சுவரால் 10-க்கு 10 அறை வரைந்தால், உள்ளே கிடைப்பது 9 அடி 3 அங்குலம்தான். பீரோவும் கட்டிலும் வாங்கும்போது இந்த 9 அங்குலம் ரொம்ப முக்கியம்.

நான்கு சுவரும் மூடியபின் கிரியேட் ரூம்ஸ் தேர்ந்தெடுத்து, அறைக்குள் டபுள் க்ளிக் செய்யுங்கள். தரை உருவாகும். அறையின் பரப்பளவையும் பிளானிலேயே காட்டச் செய்யலாம். பிளானில் ஒரு திசைகாட்டியும் உண்டு. அதை உங்கள் மனையின் வடக்குப் பக்கம் திருப்பிவிட்டால், சனி மூலை, அக்னி மூலை என்று அப்பா கேட்கும் கேள்விகளுக்கு ஸ்கிரீனைப் பார்த்தே பதில் சொல்லலாம்.

தளம் தளமாக

பிளான் மெனுவில் ஆட் லெவல் என்பதைக் க்ளிக் செய்தால் புதிய தளம் சேரும். மாடிஃபை லெவல் திறந்தால் எலிவேஷன், ஃப்ளோர் திக்னெஸ், ஹைட் என்று மூன்று அளவுகள் கேட்கும். எலிவேஷன் என்பது அந்தத் தளத்தின் தரை மட்டம். சுற்றியுள்ள நிலத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே போனால் மைனஸ்.

நிலவறைக்கு என்ன அளவு கொடுப்பது? 2005-ஆம் ஆண்டின் நேஷனல் பில்டிங் கோட் இதற்கு வழி சொல்லியிருந்தது. உள்ளே உயரம் குறைந்தது 2.4 மீட்டர், அதாவது சுமார் 8 அடி. அதன் கூரை வெளி நிலத்துக்கு மேல் 0.9 முதல் 1.2 மீட்டர் வரை எழும்பி நிற்க வேண்டும் என்றது அது. அப்போதுதான் ஜன்னல் வைத்துக் காற்றும் வெளிச்சமும் கொண்டுவர முடியும். ஆகவே நான் இப்படி டைப் செய்தேன்:

நிலவறை: எலிவேஷன் மைனஸ் 5 அடி, உயரம் 8 அடி.
தரைத்தளம்: எலிவேஷன் 3 அடி 6 அங்குலம், தளத் தடிமன் 6 அங்குலம், உயரம் 10 அடி.

கணக்கு எளிது. மைனஸ் 5-லிருந்து 8 அடி ஏறினால் 3 அடி. அதன் மேல் 6 அங்குலக் கான்கிரீட். வீட்டின் தரை 3 அடி 6 அங்குலத்தில் வந்து நிற்கிறது.

படிக்கட்டு தின்னும் இடம்

புதிதாகப் பிளான் போடுகிறவர்கள் எல்லோரும் ஏமாறுவது படிக்கட்டில்தான். நிலவறைத் தரையிலிருந்து வீட்டுத் தரைக்கு 8 அடி 6 அங்குலம், அதாவது 102 அங்குலம். 15 படி வைத்தால் ஒவ்வொன்றும் 6.8 அங்குல உயரம். கால் வைக்க 10 அங்குலம் விட்டால், நேராக இறங்கும் படிக்கு 11 அடி 8 அங்குல நீளம் வேண்டும். நடுவில் திரும்பி இறங்கும் படியாக்கி, மேலே மொட்டை மாடிக்குப் போகும் படியையும் அதற்கு நேர் மேலே வைத்தேன். ஆறரை அடிக்கு 10 அடி இடம் போயிற்று. 65 சதுர அடி, அதுவும் வீட்டின் நடுவில்!

பொருட்கள் பட்டியலில் ஸ்டேர்கேசஸ் பகுதியிலிருந்து ஒரு படிக்கட்டை இழுத்து வந்து அளவு கொடுத்துப் பாருங்கள். ஹாலில் எவ்வளவு குறைகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

ஆச்சியின் கண்ணால்

3டி வியூ மெனுவில் விர்ச்சுவல் விசிட் தேர்ந்தெடுத்தால், ஒரு ஆள் வீட்டுக்குள் நடந்து பார்ப்பது போன்ற காட்சி வரும். ஆரோ கீகளை அழுத்தி நடக்கலாம். அந்த ஆளின் கண் உயரத்தையும் மாற்றலாம். நான் எங்கள் ஆச்சியின் உயரத்துக்கு ஏற்ப 4 அடி 6 அங்குலம் கொடுத்து, வாசலுக்கு வெளியே நிறுத்தினேன்.

வாசல்படி ஆச்சியின் நெஞ்சு உயரத்தில் இருந்தது. 42 அங்குலம், 7 அங்குலமாக 6 படி. முழங்கால் வலியால் பழைய வீட்டின் ஒற்றைப் படியையே சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர் அவர். சரி, சாய்தளம் போடலாம் என்றால், ஒரு அடி ஏற 12 அடி நீளம் என்பது பொது அளவு. மூன்றரை அடிக்கு 42 அடி. மனையின் மொத்த நீளமே 50 அடி.

நிலவறையை ஒரு மூலையில் மட்டும் தோண்டலாமே என்றும் வரைந்து பார்த்தேன். அப்போதும் வீடு முழுவதையும் அந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே படி ஏறி இறங்க வேண்டும்.

அமெரிக்காவில் மட்டும் ஏன்?

அமெரிக்க வீடுகளின் படங்களைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. அங்கே காரணம் வேறு. குளிர்ப் பகுதிகளில் பனிக்காலத்தில் மண்ணில் உள்ள நீர் உறைந்து விரிந்து அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும். அதனால் உறையாத ஆழம் வரை அஸ்திவாரம் இறங்க வேண்டும். மினசோட்டா மாநிலத்தில் இது மூன்றரை முதல் 5 அடி. எப்படியும் தோண்டத்தான் வேண்டும், இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைக்கும்.

நமக்கு மண் உறைவதில்லை. தோண்டுவது முழுக்கக் கூடுதல் செலவு. 12-க்கு 15 நிலவறைக்கு, சுற்றிலும் வேலை செய்ய இடம் விட்டு 18-க்கு 21 அடி, 6 அடி ஆழம் தோண்டினால் 2,268 கன அடி மண். 100 கன அடி ஒரு யூனிட் என்றால் ஏறக்குறைய 23 யூனிட். பிறகு கான்கிரீட் சுவர், நீர்க்கசிவுத் தடுப்பு, தண்ணீர் வெளியேற்ற மோட்டார். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. மின்சாரம் இல்லாத அப்படியொரு இரவில் மோட்டாரும் ஓடாது. நெல் மூட்டை என்ன ஆகும்?

கடைசியில் என்ன செய்தோம்?

நிலவறை லெவலை டெலீட் செய்தேன். மொட்டை மாடிப் படி வீட்டுக்கு வெளியே போனது. படிக்கட்டு தின்ற அதே 65 சதுர அடி, சமையலறையை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம் ஆனது. மேலே பரணும் உண்டு. வீட்டின் மட்டம், கொத்தனார் சொன்ன அதே 2 அடி. 6 அங்குலமாக 4 படி, பக்கவாட்டில் 24 அடிச் சாய்தளம். ஆச்சியை ஸ்கிரீன் முன் உட்காரவைத்துக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “ஏ ஐயா, திண்ணையைக் காணோமே?” என்றார். இரண்டு நிமிடத்தில் திண்ணையும் வந்துவிட்டது.

சில குறிப்புகள்

1. அடிக்கடி சேவ் செய்யுங்கள். ஒரு காப்பியை பென் டிரைவிலும் வையுங்கள்.

2. ஃபைல் மெனுவில் பிரிண்ட் டு பிடிஎஃப் இருக்கிறது. அந்த ஃபைலை வெளியூரில் இருக்கும் உறவினர்களுக்கும் அனுப்பலாம்.

3. இது இட அமைப்பைப் பார்க்க மட்டுமே. கம்பி, தூண், அஸ்திவாரக் கணக்கெல்லாம் சிவில் இன்ஜினீயர் வேலை.

4. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி கட்ட, தமிழக அரசு 2024 ஜூலையில் சுயசான்று முறையில் ஆன்லைன் அனுமதியைத் தொடங்கியது. நிலவறையும் வேண்டுமென்றால் முதலில் இன்ஜினீயரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கட்டிய சுவரை இடித்துத் தள்ளிக் கட்ட ஆள், கூலி, மனவேதனை எல்லாம் வேண்டும். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு க்ளிக் போதும். ஆகவே முதல் கடப்பாரை விழுவதற்குள் வீட்டில் உள்ள எல்லோரையும், முக்கியமாகப் பெரியவர்களை, ஒருமுறை ஸ்கிரீன் முன் உட்கார வையுங்கள்.