நிற்கும் காருக்கும் வயதாகும்

"மீட்டர் நாற்பதாயிரம்கூடத் தாண்டல. ஷெட்லயே நின்ன வண்டி, தாராளமா ஊட்டிக்குப் போகலாம்." பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் பெருமையோடு சொல்வது இது. இன்ஜினைப் பற்றி என்றால் பெரும்பாலும் சரி. ஆனால் ஓடினால் தேய்பவை போக, சும்மா நின்றாலும் கெடுபவை காரில் நிறைய உண்டு. அவற்றின் வயதை மீட்டர் காட்டாது.

முதலில் பிரேக் ஆயில். ஆயில் என்கிறோமே தவிர, அது எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகைத் திரவம். மழைக்காலத்து உப்பைப் போல ஈரத்தை இழுக்கும். ரப்பர் குழாய்களின் நுண்துளைகள் வழியாகவே ஈரம் உள்ளே கசிந்துவிடும். டாட் 3 தரத்துப் பிரேக் ஆயில், புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால், தரவிதி எதிர்பார்ப்பது 140 டிகிரிதான்.

ஊட்டி மலைப்பாதையில் இதன் பொருள் என்ன? மாருதி 800-இன் எடை சுமார் 650 கிலோ. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால் ஏறக்குறைய ஒரு டன். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,900 மீட்டர் இறக்கம். அந்த எடை அவ்வளவு கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு, அறை வெப்பத்தில் உள்ள 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்! காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் மீதி முழுவதும் பிரேக்கின் தலையில்தான். சூட்டில் பிரேக் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உருவாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். மிதிக்கிற விசை குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிட, பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. மலை இறங்கும்போது இரண்டாம் கியரில் போகச் சொல்வது இதற்காகத்தான். இன்ஜினே வண்டியைப் பிடித்து, சுமையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்கிறது.

பிரேக் ஆயில் குறைந்திருந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவது போதாது. உள்ளே சேர்ந்த நீர் அங்கேயேதான் இருக்கும். பழையதை முழுக்க வெளியேற்றி, புதிது நிரப்பி, ஏர் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்வது நல்லது. பயணத்துக்கு முன் ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், நான் இதைத்தான் செய்வேன்.

ரேடியேட்டர் மூடியின் வேலை குக்கர் மூடியின் வேலைதான். உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, கொதிநிலையை உயர்த்துகிறது. அதன் ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் அழுத்தம் நிற்காது. போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்பு படியும், கூலன்ட்டே ஊற்றுங்கள். ஹோஸ் பைப்பை, இன்ஜின் ஆறிய பிறகு, விரலால் அழுத்திப் பாருங்கள். விறைத்திருந்தாலும் கொழகொழத்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட்டையும் மறக்காதீர்கள், அதுவும் ரப்பர்தான்.

டயர் விஷயம் இன்னும் வியப்பானது. ஓசோன் அரிக்காமலிருக்க ரப்பரோடு மெழுகு கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளிய நெளிய அந்த மெழுகு மேற்பரப்புக்கு வந்து காப்பாகப் படரும். நின்றுகொண்டே இருக்கும் டயருக்கு அந்தக் காப்பு சரியாகக் கிடைப்பதில்லை. பூ தேயாமலே பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள்.

ஸ்டெப்னியிலும் அந்த எண்ணைப் பாருங்கள். பல பழைய கார்களில், வண்டி வாங்கிய அன்று வந்த அதே டயர், பூ கொஞ்சமும் தேயாமல் பளிச்சென்று இருக்கும்.