காப்பர்-டி வைத்தால் கர்ப்பப்பை புண்ணாகுமா?

"காப்பர்-டி வைத்துக்கொண்டால் கர்ப்பப்பை புண்ணாகிவிடுமாமே!"

பெண்கள் பலர் இப்படிப் பயப்படுகிறார்கள்.

இது உண்மையா?

இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு.

நண்டு போன்ற கருவி

அமெரிக்காவில் 1971-ம் ஆண்டு "டால்கன் ஷீல்டு" என்ற கருத்தடைக் கருவி விற்பனைக்கு வந்தது. பார்ப்பதற்கு நண்டு போல இருக்கும். 20 லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கப் பெண்கள் அதை வைத்துக்கொண்டார்கள்.

பலருக்கு அடிவயிற்றில் வலி. காய்ச்சல். கர்ப்பப்பையிலும் கருக்குழாயிலும் அழற்சி. சிலர் இறந்தும் போனார்கள்.

1974-ல் அங்கு விற்பனை நிறுத்தப்பட்டது. வழக்குகள் குவிந்தன. 1985-ல் கம்பெனி திவால் மனு கொடுத்தது.

நூல் செய்த வேலை

காரணம் என்ன? ஒரு நூல்!

கருவியை வெளியே எடுப்பதற்காக அதன் அடியில் நூல் கட்டி இருப்பார்கள். டால்கன் ஷீல்டின் நூலில் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள் இருந்தன. திரியில் எண்ணெய் ஏறுவது போல, அந்த இழைகளின் நடுவே கிருமிகள் ஏறின.

காப்பர்-டியின் நூல் அப்படிப்பட்டது அல்ல. ஒற்றை இழை. வழுவழுப்பானது.

எப்போது வரும்?

அப்படியானால் காப்பர்-டி வைத்தவர்களுக்கு அழற்சி வராதா?

வரலாம். ஆனால் அபூர்வம். ஏற்கனவே கிருமி இருக்கும்போது கருவியை வைத்தால், அது கர்ப்பப்பைக்குள் போய்விடும். முதல் 3 வாரங்களில்தான் இந்த ஆபத்து அதிகம்.

எனவே, வைப்பதற்கு முன் பரிசோதனை அவசியம். துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுகிறதா? அடிவயிறு வலிக்கிறதா? வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். முதலில் நோயைக் குணப்படுத்த வேண்டும். பிறகுதான் காப்பர்-டி. கணவருக்குப் பால்வினை நோய் இருந்தால், அவரும் சிகிச்சை பெற வேண்டும்.

கவனியுங்கள்!

வைத்த முதல் சில மாதங்களில் மாதவிலக்கு சற்று அதிகமாகலாம். அது அழற்சி அல்ல.

காய்ச்சல், அடிவயிற்றில் கடும் வலி, துர்நாற்றம் - இவைதான் அபாய அறிகுறிகள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரும்பாலும் மருந்திலேயே குணமாகிவிடும். கருவியை எடுக்க வேண்டிய அவசியம்கூட இருக்காது.

கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைபட்டுப் போகலாம். பிறகு குழந்தை வேண்டும் என்று நினைத்தாலும் பிறக்காமல் போகலாம்.

வலியை மறைக்காதீர்கள், தாய்மார்களே!